"இது மதம் இல்லைப் பிள்ளை, வழமை": பகுத்தறிவு வட்டங்களில் நாங்கள் கண்டது

கொக்குவிலாள்:

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. பதினேழு வயதில் விட்டுப்போனது, இப்போது நாற்பத்து மூன்று. முதலிலேயே இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தக் கதையை எடுத்தாலே, "பார்த்தீர்களா, நாத்திகர் எல்லாம் இப்படித்தான்" என்று கோயில் பக்கத்தில் இருந்து யாராவது கை தட்ட வந்துவிடுவார்கள். அவர்களுக்காக நான் எழுதவில்லை. எங்கள் முற்றத்துக் குப்பையை நாங்களே கூட்டவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆறு வருடம் இருக்கும். எங்கள் வட்டத்தில் 'மதமும் பெண்ணடிமையும்' என்று ஒரு கருத்தரங்கு. சனசமூக நிலையத்தின் மேல்மாடி, ஞாயிறு பின்னேரம், ஐம்பது கதிரை. பேசுகிறவர்கள் ஐந்து பேர், ஐவரும் ஆண்கள். எனக்கு வரவேற்புரை. "உமக்கு நல்ல குரல், பிள்ளை" என்றார் ஒழுங்குபடுத்திய மாஸ்டர். வரவேற்புரை முடிந்ததும் பின்னால் போய் எல்லாருக்கும் பிளேன் ரீ ஊற்றினேன். என்னை ஊற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேத்திலைக் கொண்டுவந்து என் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கருத்தரங்குக்கென்று நான் ஒரு கட்டுரை எழுதி வைத்திருந்தேன். தேசவழமை பற்றியது. வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: அது யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துச் சட்டம். 1706, 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் ஊர் வழக்கங்களைக் கேட்டு எழுதித் தொகுத்தது. பிறகு 1911இல் ஆங்கிலேயர் காலத்தில் கலியாண உரிமைகள், வழியுரிமை பற்றி ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி கலியாணம் முடித்த ஒரு பெண் தன் பெயரில் உள்ள காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். தாய் தகப்பன் சீதனமாக எழுதிக் கொடுத்த காணி என்றாலும் அப்படித்தான். அவன் தன் காணியை விற்க இவளுடைய கையெழுத்துத் தேவையில்லை. சம்மதம் தர மறுத்தால் இவள்தான் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகவேண்டும்.

நான் இதைப் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. பிரிந்து போன மனுசனின் ஒரு கையெழுத்துக்காக நொத்தாரிசு வீட்டு விறாந்தையில் எத்தனை நாள் குந்தியிருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். இரண்டு பரப்புக் காணி. அம்மா சீட்டுப் பிடித்து, மாடு வளர்த்து, எனக்கென்று வாங்கியது.

மாஸ்டர் கட்டுரையை முழுதாக வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நல்லா எழுதியிருக்கிறீர். ஆனா இது மதம் இல்லைப் பிள்ளை, வழமை. நாங்கள் மதத்தைப் பற்றித்தானே கதைக்கப் போறம்."

அன்று மேடையில் மனு வந்தார், உடன்கட்டை வந்தது, ஆதாமின் விலா எலும்பு வந்தது, பர்தா வந்தது. சொன்னது எதுவும் பொய் இல்லை. ஆனால் அந்த மண்டபத்தில் யாரும் யாரையும் உடன்கட்டை ஏற்றியவர்கள் இல்லை. சீதனக் காணியில் வீடு கட்டியவர்கள் குறைந்தது இருபது பேர் இருந்திருப்பார்கள். அன்று கதைத்த குற்றங்களுக்கெல்லாம் குற்றவாளி மண்டபத்துக்கு வெளியில்தான் இருந்தான்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.


சண்டிலிப்பாய்த் தம்பி:

அக்கா, அந்த இருபது பேரில் நானும் ஒருவன் என்று வையுங்கள்.

நான் தாலி கட்டவில்லை. குறிப்புப் பார்க்கவில்லை, ஐயரைக் கூப்பிடவில்லை. பதிவுத் திருமணம், இரண்டு மாலை. அதைப் பெருமையாகப் பத்து வருடம் சொல்லித் திரிந்தேன். குடியிருப்பது மனைவியின் சீதன வீட்டில். அதை மட்டும் சொல்லவில்லை. "அவையள் தங்கட மகளுக்குக் குடுத்தது, நான் கேக்கேல்லையே" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைப்பாள். ஒருநாள் கூட்டாளிமாருக்கு முன்னால் அதைப் பகிடி பண்ணினேன். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். எல்லாரும் போன பிறகு, கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்: "விளக்கு வைக்கிற எண்ணெய்க்கு நான்தானே உழைக்கிறன். உங்களுக்கு அதில என்ன நட்டம்?" இன்றுவரைக்கும் எனக்குப் பதில் வரவில்லை.


இரவுப் பஸ்:

நான் கம்பஸில் படித்த காலத்துக் கதை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்து இருந்தேன். ஒரு வாசகர் வட்டத்தில் சேர்ந்தேன், எல்லாரும் பெரியார் படித்தவர்கள். எனக்கு அது ஒரு விடுதலை மாதிரி இருந்தது. துடக்கு என்று ஒதுங்கியிருக்கத் தேவையில்லை, செவ்வாய் தோஷம் என்று யாரும் முகத்தைச் சுழிக்கமாட்டார்கள். அந்தச் சந்தோசம் உண்மை. அதையும் எழுதவேண்டும் என்று நினைக்கிறேன்.

அங்கே நன்றாகப் பேசக்கூடிய ஒரு அண்ணா. இரவு ஒரு மணிக்குப் பிறகு வட்ஸ்அப்பில் வருவார். முதலில் புத்தகம் பற்றி. பிறகு, கற்பு என்பது ஆண்கள் கட்டிய கதை என்று பெரியார் சொன்னதைப் பற்றி. பிறகு, "கடவுளையே தூக்கி எறிஞ்ச உமக்கு இதுக்கு மட்டும் ஏன் பயம்?" என்று. நான் வேண்டாம் என்று சொன்னது அவருக்கு ஒரு பெண்ணின் விருப்பமாகத் தெரியவில்லை, மிச்சம் இருக்கிற மூடநம்பிக்கையாகத் தெரிந்தது. எனக்கு மிகவும் கோபம் வந்த இடம் அதுதான். நான் முடியாது என்று சொல்வதற்கும் அவரே காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

பெரியார் எழுதியதை நான் போய்த் திரும்ப வாசித்தேன். கற்பு என்ற கட்டாயம் பெண்ணுக்கு மட்டும் இருக்கக்கூடாது என்பதுதான் அவர் வாதம். பெண் தன் உடலுக்குத் தானே சொந்தக்காரி என்பதற்காகத்தான் 1930களிலேயே கர்ப்பத்தடை பற்றி அவ்வளவு எழுதினார். பிள்ளை பெறுவதும் பெறாமல் விடுவதும் அவள் முடிவு. அந்த அண்ணா தனக்கு வசதியான பாதியை மட்டும் கிழித்தெடுத்து வைத்திருந்தார்.

வட்டத்துப் பெரியவர் ஒருவரிடம் செய்திகளைக் காட்டினேன். வாசித்துவிட்டு, "அவன் நல்ல பேச்சாளன். இதைப் பெரிசாக்கினா வட்டம் உடைஞ்சிடும், கோயில்காரர் சிரிப்பினம்" என்றார். என் பெரியம்மா ஒருமுறை கோயில் சபையிடம் ஒரு முறைப்பாடு கொண்டுபோனபோது, "பெரிசாக்க வேண்டாம், கோயில்ர பேர் கெட்டிடும்" என்றார்கள். ஒரே வசனம்.

2011இல் டப்ளினில் ஒரு உலக நாத்திகர் மாநாடு நடந்தது. ரெபெக்கா வாட்சன் என்ற அமெரிக்கப் பெண் அங்கே பேசியவர். விடிய நாலு மணிக்கு லிப்டில் தனியாக வந்த ஒருவன் தன் அறைக்குக் கோப்பி குடிக்கக் கூப்பிட்டிருக்கிறான். அவர் பிறகு ஒரு வீடியோவில், பெண்களிடம் இப்படிச் செய்யாதீர்கள் என்று மட்டும் சொன்னார். பெயர்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பெயர்பெற்ற நாத்திக எழுத்தாளர் ரிச்சர்ட் டோக்கின்ஸ் எழுதிய பதிலின் சாரம், முஸ்லிம் நாடுகளில் பெண்கள் படும் பாட்டைப் பார், உன்னுடையதெல்லாம் ஒரு குறையா என்பது. 2014இல் அதற்கு மன்னிப்புக் கேட்டார். இடையில் அந்தப் பெண்ணுக்கு வந்த வசைக்கும் பாலியல் மிரட்டலுக்கும் கணக்கில்லை.

அதை வாசித்தபோது எனக்குத் திருநெல்வேலி அறையும் போனின் வெளிச்சமும்தான் ஞாபகத்துக்கு வந்தது.


ஒரு வாசகர்:

சகோதரிகளின் வேதனை விளங்குகிறது. ஆனால் இவை தனி மனிதர்களின் தவறுகள். இயக்கத்தின் தலையில் போடவேண்டாம். பெரியார் அளவுக்குப் பெண்களுக்காகப் பேசிய ஆத்திகர் ஒருவரைக் காட்டுங்கள். பெண்கள்தான் கோயிலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அதையும் பார்க்கவேண்டும். மதம் ஒழிந்தால் மற்றதெல்லாம் தானாக ஒழியும்.


நெல்லியடி ரீச்சர்:

எனக்கு எழுபத்தி நாலு வயது. தட்டச்சு செய்து தருவது பேத்தி. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள்.

1970களின் நடுப்பகுதி. அப்போது ஆபிரகாம் கோவூரின் பெயர் வீட்டுக்கு வீடு தெரியும். கேரளத்தவர். 1928இல் இங்கே வந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்தவர். பிறகு கொழும்பில் இருந்துகொண்டு பகுத்தறிவாளர் சங்கத்தை நடத்தினார். அற்புதம் செய்து காட்டுகிறவனுக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்று சவால் விட்டவர். அவரைப் பார்த்து ஊருக்கு ஊர் சின்னக் கோவூர்கள் கிளம்பினார்கள். எங்கள் பக்கத்திலும் ஒரு மாஸ்டர்.

என் சின்னம்மாவின் மகள் ஒருத்திக்குப் பேய் பிடித்தது. அப்போது பத்தொன்பது வயது. பின்னேரமானால் தலையை விரித்துப்போட்டு ஆடுவாள், மாமாவின் பெயரைச் சொல்லி ஏசுவாள். நூல் கட்டினார்கள், கழிப்புக் கழித்தார்கள், ஒரு பூசாரி வேப்பங்குழையால் அடித்தார். முதுகெல்லாம் தழும்பு. நான் எண்ணெய் பூசிவிட்டவள், எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு மாஸ்டர் வந்தார். அடியை நிற்பாட்டினார். அதற்கு நான் சாகும்வரை நன்றி சொல்வேன். பேய் அல்ல, மன நோய் என்று விளக்கினார். அவளை இருத்தி வைத்துக் கதைத்து, ஏதோ செய்து, ஆட்டமும் நின்றது. சரி, நல்லதுதானே என்று இருந்தோம்.

ஆனால் அடுத்த பத்து வருடம் அவர் ஏறிய மேடையெல்லாம் அவள் கதைதான். ஊரின் பெயர், பனங்காணிக்குப் பக்கத்து வீடு, தகப்பனின் தொழில், எல்லாம் சொல்வார். அவள் ஆடியதை ஆடியும் காட்டுவார். பெடியள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒரு கூட்டத்தில் நான் இருந்தேன். பெண்கள் பக்கத்தில் நாலு பேர்தான். நான் எழும்பிப் போக எண்ணி, எழும்பினால் எனக்கும் பேய் என்பார்கள் என்று பயந்து இருந்துவிட்டேன்.

அவள் மாமாவின் பெயரைச் சொல்லி ஏன் ஏசினாள் என்று அவர் கேட்கவேயில்லை. அந்த மாமாவுக்குத்தான் அவளைப் பேசி வைத்திருந்தார்கள். அவருக்கு நாற்பது. பேய் போனதும் கலியாணத்தை முடித்து வைத்தார்கள். மாஸ்டர் வந்து வாழ்த்திப் பேசினார்.

கோவூர் எழுதிய சம்பவங்களைப் பிறகு வாசித்தேன். அவர் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று துருவிக் கேட்பவர். எங்கள் மாஸ்டர் அந்தப் பகுதியை விட்டுவிட்டு வித்தையை மட்டும் எடுத்துக்கொண்டார்.


கொக்குவிலாள்:

ரீச்சர், உங்களுடையதை வாசித்துவிட்டு அடுப்பில் வைத்ததை மறந்துபோனேன். முதலில் மேலே எழுதிய அந்த ஐயாவுக்குப் பதில்.

தனி மனிதர் தவறு என்றால் இவ்வளவு ஒரே மாதிரியாக நடக்காது. "பெண்கள்தான் கோயிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று நீங்கள் எழுதிய வசனத்துக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். பிரான்சில் 1845இலேயே மிஷலே என்ற வரலாற்றாசிரியர் பாதிரியார், பெண், குடும்பம் என்று ஒரு புத்தகம் எழுதினார். பாதிரியார் மனைவியின் மனதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறார் என்பது அவர் முறைப்பாடு. அதில் இருந்து படிப்படியாக ஒரு நியாயம் வளர்ந்தது. மதம் பெண்ணை ஏமாற்றுகிறது. ஆகவே பெண் மதத்தின் ஆள். ஆகவே அவளை நம்பி எதையும் கொடுக்கமுடியாது. முதல் வசனத்தில் பெண்ணுக்காக அழுதவர் மூன்றாவது வசனத்தில் கதவைப் பூட்டுகிறார்.

பூட்டியும் காட்டினார்கள். பிரான்சின் கீழ்ச்சபை 1919இல் பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கச் சம்மதித்தது. 1922இல் செனட் நிராகரித்தது. அங்கே முன்னுக்கு நின்று தடுத்தவர்கள் மதகுருமாரை எதிர்த்த ராடிக்கல் கட்சியினர். பெண்களுக்கு வாக்குக் கொடுத்தால் பாதிரியாருக்கு இரண்டு வாக்காகிவிடும் என்ற பயம். பிரெஞ்சுப் பெண்களுக்கு உரிமை வந்தது 1944இல்தான். எங்கள் பாட்டிமாருக்கு 1931இலேயே கிடைத்துவிட்டது.

(1931 என்று எழுதும்போது இன்னொன்று ஞாபகம் வருகிறது. அந்தத் தேர்தலை யாழ்ப்பாணத்தில் இளைஞர் காங்கிரஸ் பகிஷ்கரித்து, வடக்கின் நாலு தொகுதிகள் வெறுமையாகக் கிடந்தன. அவர்கள் நாத்திக இயக்கம் இல்லை, சாதிக்கு எதிராகவும் நின்றவர்கள், மதிக்கிறேன். ஆனால் அந்தப் பகிஷ்கரிப்பை எத்தனையோ கூட்டங்களில் புகழ்ந்து கேட்டிருக்கிறேன். இங்கே பெண்கள் முதன்முதலாக வாக்குப் போட்டிருக்கவேண்டிய தேர்தல் அது என்று யாரும் சொல்லி ஒருமுறையும் கேட்டதில்லை.)

அதே 1931இல் ஸ்பெயின் பாராளுமன்றத்தில் பெண்களின் வாக்குரிமை பற்றி விவாதம் நடந்தது. விக்டோரியா கென்ட் ஒரு பெண், இடதுசாரி, குடியரசுவாதி. பெண்கள் பாதிரியார் சொல்வதைக் கேட்டு வாக்குப் போடுவார்கள், இப்போது வேண்டாம், பிறகு பார்ப்போம் என்றார் அவரே. இன்னொரு பெண் உறுப்பினரான கிளாரா கம்போமோர் எழுந்து, இது என் உரிமை, தகுதி பார்த்துத் தருகிற பரிசு அல்ல என்ற நிலையில் நின்று வாதாடினார். 161க்கு 121 என்று கம்போமோர் பக்கம் வென்றது. அந்த "பிறகு பார்ப்போம்" என்ற சொல்லைத்தான் நீங்கள் "மதம் ஒழிந்தால் மற்றதெல்லாம் தானாக ஒழியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். என் இரண்டு பரப்பை மதம் பிடித்து வைத்திருக்கவில்லை ஐயா. அங்கே சாமியும் இல்லை, வேதமும் இல்லை. ஒல்லாந்தன் எழுதினான், ஆங்கிலேயன் திருத்தினான், எங்கள் ஆண்கள் வைத்திருக்கிறார்கள்.

பெரியாரைப் பற்றி. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அவருக்குப் 'பெரியார்' என்ற பட்டத்தைக் கொடுத்ததே 1938இல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு. தேவதாசி முறைக்குள் வளர்ந்து, அதை எதிர்த்து வெளியில் வந்து, அந்த முறையைப் பற்றி 1936இல் நாவலே எழுதியவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். இதெல்லாம் எங்கள் சொத்து, விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் ஆண்கள் பெண்களுக்கு விடுதலை வாங்கித் தருவார்கள் என்பதை நம்பாதே, பூனையால் எலிக்கு விடுதலை கிடைக்குமா என்று எழுதியவரும் அதே பெரியார்தான். அவர் பெயரைச் சொல்லி எங்களை வாயை மூடச் சொன்னால் எப்படி? எங்கள் வட்டத்தில் மணியம்மையின் பெயர் வந்தாலே 1949இல் பெரியாரோடு நடந்த கலியாணத்தைப் பற்றித்தான் கதைப்பார்கள். 1973இல் பெரியார் இறந்த பிறகு 1978இல் தான் சாகும்வரை திராவிடர் கழகத்துக்குத் தலைமை தாங்கியவர் அந்தப் பெண் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது.

பெண்கள் இந்த மேடைக்கு நேற்று வந்தவர்களும் இல்லை. எர்னஸ்டின் ரோஸ் 1861இல் பொஸ்டனில் நாத்திகத்தை ஆதரித்துப் பேசியவர். அன்னி பெசன்ட் பிறகு பிரம்மஞான சபைக்குப் போனவர் என்று எங்களில் பலர் ஒதுக்குகிறார்கள். 1877இல் குடும்பக் கட்டுப்பாட்டுப் புத்தகத்துக்காக, பிராட்லா என்ற நாத்திகத் தலைவரோடு சேர்ந்து கூண்டில் நின்றவர் அவர். அடுத்த வருடம் அவருடைய கடவுள் மறுப்பைக் காட்டி நீதிமன்றம் மகளை அவரிடமிருந்து பறித்துத் தகப்பனிடம் கொடுத்தது. பிராட்லாவும் தண்டனையை எதிர்த்துப் போராடினார். பிள்ளையை இழந்தது அன்னி பெசன்ட் மட்டும்.

ரீச்சர், உங்கள் மாஸ்டர் மாதிரி ஒருவர் பாரிஸிலும் இருந்தார். ஷார்கோ என்ற பெரிய நரம்பியல் வைத்தியர். அவரும் அவர் சீடர் பூர்ணவீலும் மதகுருமாரின் பிடியை உடைக்க நின்றவர்கள். முந்தைய நூற்றாண்டுகளில் சூனியக்காரி, பேய் பிடித்தவள் என்று சொல்லி வதைத்த, எரித்த பெண்களுக்கு ஹிஸ்டீரியா நோய் இருந்தது என்று விளக்கினார்கள். எரிப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் மண்டபம் நிறைய ஆண்களைக் கூட்டி, நடுவில் நோயாளிப் பெண்ணை நிறுத்தி, மயங்கி விழச் செய்து பாடம் நடத்தினார். 1887இல் ஒருவர் அதை ஓவியமாக வரைந்திருக்கிறார். கறுப்புக் கோட்டு ஆண்கள் வரிசை வரிசையாக இருக்கிறார்கள், சட்டை நழுவிய ஒரு பெண் பின்னால் சாய்கிறாள், பேசுகிறவர் அவளைப் பார்க்காமல் சபையைப் பார்க்கிறார். அந்தப் படத்தைப் போனில் பெரிதாக்கி அவள் முகத்தை நெடுநேரம் பார்த்தேன். கண் மூடியிருக்கிறது.

அந்த அக்கா இப்போது எப்படி இருக்கிறா, ரீச்சர்?


இரவுப் பஸ்:

நானும் அதைத்தான் கேட்க இருந்தேன்.


நெல்லியடி ரீச்சர்:

இருக்கிறாள். மாமா செத்துப் பதினாறு வருடம். ஆடு வளர்க்கிறாள், காது கொஞ்சம் மந்தம். நீங்கள் எழுதியதைப் பேத்தி எனக்கு வாசித்துக் காட்டிய அடுத்த நாள் ஓட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தேன். இப்படி உன்ர கதையை எழுதியிருக்கிறன், பேர் போடேல்லை, உனக்குச் சம்மதமோ என்று கேட்டேன். ஐம்பது வருடத்தில் அவளிடம் யாரும் சம்மதம் கேட்டது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள், கட்டி முடித்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"எழுது. ஆனா ஒண்டையும் சேர்த்து எழுது. பேய் இல்லை எண்டு மாஸ்டர்தான் கண்டுபிடிச்சவர் எண்டு எல்லாரும் சொல்லுகினம். எனக்கு அது முதல் நாளே தெரியும். வேற எப்பிடி அந்த மனுசனை எல்லாருக்கும் முன்னால ஏசுறது?"